கணக்கை விட்டு வந்தவர்களுக்கு ஒரு கணக்கு

50,000 ரூபாய் கடன். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், ஃபிளாட் ரேட். இரண்டு ஆண்டுக்கு வட்டி 12,000 ரூபாய். அசலும் வட்டியுமாகச் சேர்ந்த 62,000 ரூபாயை 24 மாதத்துக்குப் பிரித்தால் மாதத் தவணை ஏறக்குறைய 2,583 ரூபாய். சங்கரன்கோவிலில் விசைத்தறிக்கு உதிரிபாகம் வாங்குகிறவரும், பூ வியாபாரத்துக்கு முதல் போடுகிறவரும், மகளின் கல்லூரிச் செலவுக்குக் கடன் கேட்கிறவரும் இந்த அளவுக்குக் கணக்கை மனத்திலேயே போட்டுவிடுவார்கள். அதில் பிழையும் இருக்காது. ஆனால் வாங்கிய 50,000 ரூபாய் இரண்டு ஆண்டு முழுக்க அவர்கள் கையில் இருப்பதில்லை. முதல் தவணை கட்டியதுமே அசல் குறையத் தொடங்குகிறது. வட்டியோ கடைசி மாதம்வரை முழு 50,000 ரூபாய்க்கும் போடப்படுகிறது. ஒவ்வொரு மாதமும் மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும்தான் வட்டி என்று வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தால், இதே தவணைக்கான வட்டி ஆண்டுக்கு 21.5 சதவீதத்தைத் தாண்டுகிறது. 12 என்று சொல்லி வாங்கிய கடன் அது.

இந்த 21.5-ஐக் கண்டுபிடிக்க நுண்கணிதம் தேவையில்லை. பத்தாம் வகுப்பில் வரும் பெருக்குத் தொடரும் ஒரு கால்குலேட்டரும் கொஞ்சம் பொறுமையும் போதும். அதே பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அணிகள் இருக்கின்றன, நிகழ்தகவும் இருக்கிறது. கணங்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிடுகின்றன. தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்த எவரும் பதினைந்து பதினாறு வயதுக்குள் இவற்றை ஒருமுறையாவது தொட்டுவிடுகிறார்கள். பாதை பிரிவது அதற்குப் பிறகுதான். பிளஸ் ஒன்னில் கணக்கு இல்லாத குரூப்பை எடுத்தவர் பிறகு பி.ஏ. தமிழிலோ வரலாற்றிலோ சேர்ந்தால், அவருடைய கணக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு முடிந்துபோகிறது. பி.காம். மாணவருக்கு வணிகக் கணிதம் உண்டு, பி.சி.ஏ. மாணவருக்குத் துணைப்பாடமாகக் கணிதம் வரும். விட்டுப்போவது மற்றவர்களுக்குத்தான். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வரும் சங்கரன்கோவில் வட்டாரக் கல்லூரிகளில், இந்த மாணவர்களுக்கு முதலாண்டிலேயே முடிவுறு கணிதத்தில் ஓர் அறிமுகப் பாடம் கிடைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

முடிவுறு கணிதம் என்பது எண்ணி முடிக்கக்கூடிய பொருள்களையும் வாய்ப்புகளையும் பற்றியது. தர்க்கம், கணங்கள், சேர்ப்பியல், நிகழ்தகவு, அணிகள், நேரியல் திட்டமிடல், வட்டிக் கணக்கு ஆகியவை இதற்குள் அடங்கும். இதைக் கல்லூரிப் பாடமாக உருவாக்கியதில் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிக்குப் பெரும் பங்கு உண்டு. ஜான் கெமினி, லாரி ஸ்நெல், ஜெரால்ட் தாம்சன் ஆகிய மூவரும் எழுதிய 'முடிவுறு கணித அறிமுகம்' 1957-ல் வெளிவந்தது. கல்லூரிக் கணிதம் என்றால் நுண்கணிதம்தான் என்றிருந்த காலத்தில், சமூக அறிவியல் படிக்கிற மாணவருக்கும் பயன்படும் நவீனக் கணிதத்தைப் பள்ளிக் கணக்கின் அடித்தளத்திலேயே கட்டமுடியும் என்று அந்தப் புத்தகம் காட்டியது. அதே கெமினி, தாமஸ் கர்ட்ஸுடன் சேர்ந்து 1964-ல் பேசிக் என்ற கணினி மொழியை உருவாக்கினார். அதுவும் அறிவியல் படிக்காத மாணவரைக் கணினி முன் உட்காரவைப்பதற்காகத்தான். கணிதம் ஒரு துறையாரின் தனிச்சொத்து அல்ல என்ற ஒரே நம்பிக்கையிலிருந்து பிறந்தவை இரண்டும்.

இந்தப் பாடம் சங்கரன்கோவிலுக்கு எப்படிப் பொருந்தும் என்பதை ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு சிறு தறிக்கூடம் இரண்டு வகைச் சேலை நெய்வதாக வைத்துக்கொள்வோம். சாதாச் சேலை ஒன்றுக்குத் தறியில் 3 மணி நேரம், குஞ்சம் கட்டி மடித்து முடிக்க 1 மணி நேரம். லாபம் 60 ரூபாய். பார்டர் சேலைக்குத் தறியில் 4 மணி நேரம், கைவேலை 2 மணி நேரம். லாபம் 90 ரூபாய். வாரத்துக்கு மொத்தத் தறி நேரம் 240 மணி, கைவேலைக்குக் கிடைப்பது 100 மணி. எதை எத்தனை நெய்வது? லாபம் அதிகம் என்று பார்டர் சேலையையே நெய்தால், 50 சேலையோடு கைவேலை நேரம் தீர்ந்துவிடுகிறது; கிடைப்பது 4,500 ரூபாய், தறியில் 40 மணி நேரம் சும்மா கிடக்கும். சாதாச் சேலை மட்டும் என்றால் 80 சேலை, 4,800 ரூபாய். 40 சாதாவும் 30 பார்டருமாகக் கலந்து நெய்தால் தறி நேரமும் கைவேலை நேரமும் மிச்சமில்லாமல் பயன்பட்டு 5,100 ரூபாய் வருகிறது. சேலைக்குச் சேலை அதிக லாபம் தருவதை மட்டும் நம்பினால் மூன்றிலும் குறைந்த வருமானம் கிடைக்கிறது. கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. தறி நேரம் ஒரு மணி கூடினால் லாபம் 15 ரூபாய்தான் கூடும். அந்தக் கூடுதல் மணி நேரத்துக்குக் கூலியும் மின்சாரமுமாக 15 ரூபாய்க்கு மேல் கூடுதலாகச் செலவானால், ஓவர்டைம் ஓட்டுவது நஷ்டம். வரைபடத் தாளில் இரண்டு கோடு போடத் தெரிந்த மாணவர் ஒரு வகுப்பு நேரத்துக்குள் இவ்வளவுக்கும் வந்துவிடலாம்.

இதே முறை பெரிய அளவில் என்ன செய்யும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளியலாளர் 1945-ல், 77 உணவுப்பொருள்களிலிருந்து ஓர் ஆளின் ஓராண்டுச் சத்துத் தேவையை மிகக் குறைந்த செலவில் நிறைவுசெய்வது எப்படி என்று கேட்டார். ஊகமும் சோதனையுமாக அவர் கண்ட விடை 39.93 டாலர். ஜார்ஜ் டான்சிக் 1947-ல் சிம்ப்ளெக்ஸ் முறையை வகுத்ததும், கையால் இயக்கும் கணக்குப் பொறிகளுடன் ஒன்பது பேர் உட்கார்ந்து, மொத்தம் 120 ஆள்நாள் உழைத்து அதே கணக்கைப் போட்டார்கள். விடை 39.69 டாலர். ஸ்டிக்லரின் விடைக்கும் சரியான விடைக்கும் இடையே 24 சென்ட்தான் என்பது அவருடைய கூர்மைக்குச் சான்று. அதைவிடக் குறைந்த செலவு இனி இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது முறையின் வலிமை. சத்துணவுப் பட்டியல், ரேஷன் கடைக்குச் சரக்கு அனுப்புவது, மினிபஸ் வழித்தடம் என்று அரசுப் பணியில் சேரும் ஒரு பட்டதாரியின் மேசைக்கு வரக்கூடிய பல கேள்விகளின் வடிவம் இதுவே.

வரலாறும் அரசியலும் படிக்கிறவருக்கு இதில் என்ன என்று கேட்பவருக்கு ஒரு சின்னக் கணக்கு. 100 உறுப்பினர் கொண்ட ஓர் அவையில் மூன்று கட்சிகள்: 49, 49, 2. பெரும்பான்மைக்கு 51 வேண்டும். எந்தக் கட்சியும் தனியாக ஆள முடியாது; எந்த இரண்டு சேர்ந்தாலும் ஆளலாம். ஆகவே கூட்டணி பேரத்தில் 2 உறுப்பினர் கட்சிக்கும் 49 உறுப்பினர் கட்சிக்கும் ஒரே பலம். மருத்துவமனைச் சீட்டைப் படிப்பதும் இப்படித்தான். 1,000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. சோதனை நோயுள்ளவர்களில் 90 சதவீதத்தினரைக் கண்டுபிடிக்கும், நோயில்லாதவர்களில் 9 சதவீதத்தினருக்கும் தவறாக 'உண்டு' என்று காட்டும் என்று கொள்வோம். 'உண்டு' என்று சீட்டு வாங்கியவர்கள் ஏறக்குறைய 98 பேர். அவர்களில் உண்மையில் நோயுள்ளவர் 9 பேர். முதல் சோதனையோடு நிலைகுலைந்து போகாமல் மறுசோதனைக்குப் போகும் தெளிவு, உயிரோடு சம்பந்தப்பட்ட தெளிவு.

மறுப்புகள் உண்டு, அவற்றில் சில கனமானவை. கணக்கு வராது என்பதால்தானே இந்தக் குரூப்புக்கு வந்தார்கள், அவர்கள் தலையில் மறுபடியும் அதைக் கட்டலாமா என்பது முதலாவது. பலர் அஞ்சி விலகியது இயற்கணிதச் சுருக்கலையும் முக்கோணவியல் முற்றொருமைகளையும் கண்டு. முடிவுறு கணிதத்தின் தொடக்கப் பாடங்களுக்குக் கூட்டல், பெருக்கல், ஒழுங்காக எண்ணும் பழக்கம், இவற்றுக்கு மேல் அதிகம் வேண்டியதில்லை. மேலும் கணக்கு இவர்களை விடுவதாகவும் இல்லை. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 25 திறனறிவுக் கணக்கு. வங்கித் தேர்வுகளில் இன்னும் கூடுதல். மூன்றாண்டு கணக்கே இல்லாமல் இருந்துவிட்டு, பட்டம் வாங்கியபின் காசு கட்டிக் கோச்சிங் சென்டரில் விகிதத்திலிருந்து தொடங்குவதுதான் இன்றைய நடைமுறை. கோச்சிங்கே போதுமே என்றால், அங்கே கற்பது விடையைச் சீக்கிரம் எட்டும் குறுக்குவழிகளை. கேள்வி ஏற்கெனவே ஒழுங்காக எழுதித் தரப்பட்டிருக்கும்போதுதான் குறுக்குவழி உதவும். தறிக்கூடத்தில் கேள்வியை யாரும் எழுதித் தருவதில்லை. எது மாறும், எது தட்டுப்பாடு, எதைக் கூட்ட வேண்டும் என்று பிரித்தெடுப்பதே அங்கே வேலை.

நுண்கணிதத்தை ஒதுக்கிவிட்டு நடத்தும் இந்தப் பாடம் நீர்த்துப்போன கணிதம் என்பது கணிதத் துறையிலிருந்தே வரும் மறுப்பு. இதில் உண்மையும் இருக்கிறது: இதை மட்டும் படித்தவர் பிறகு இயற்பியலுக்கோ பொறியியலுக்கோ போக முடியாது. கணிதத்தைப் பிரதானப் பாடமாக எடுத்தவருக்கு இதை மாற்றாகக் கொடுப்பது பெரிய தவறு. நான் பேசுவது அந்தக் கதவைப் பிளஸ் ஒன்னிலேயே சாத்திவிட்டு வந்தவர்களைப் பற்றி. அவர்களுக்குக் கிடைக்கக்கூடியவை முடிவுறு கணிதம் அல்லது ஒன்றுமில்லை, இரண்டில் ஒன்றுதான். ஆழம் குறைந்தது என்பதையும் ஏற்க முடியாது. ஒரு முழு எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாகப் பிரிக்கலாம் என்ற எண்ணிக்கைக் கேள்வி ராமானுஜனையே ஆட்கொண்ட கேள்வி. 5-ஐ 7 விதமாகப் பிரிக்கலாம், 100-ஐ 19 கோடிக்கும் அதிகமான விதங்களில். கும்பகோணம் கல்லூரியில் மற்ற பாடங்களில் தோற்றுப் படிப்பை இழந்தவர் அவர். மற்ற பாடங்களில் தேறிக் கணக்கை மட்டும் இழந்த பிள்ளைகளை எண்ணுவதற்கு நம்மிடம் யாரும் இல்லை.

எல்லாவற்றுக்கும் கைபேசியில் ஆப் இருக்கிறதே என்பார்கள். கடனின் உண்மையான ஆண்டு வட்டியை ஒரு தனித்தாளில் எழுதித் தரவேண்டும் என்று ரிசர்வ் வங்கியும் தன் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களுக்கு விதித்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் சில்லறைக் கடன்கள் அனைத்துக்கும் அது பொருந்தும். நல்ல விதி. ஆனால் 12 என்று வாயால் சொல்லப்பட்டதும் தாளில் 21.5 என்று இருப்பதும் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்கத் தெரிந்தவருக்கே அந்தத் தாள் பயன்படும். தெருவில் கைமாற்றாகவும் தினவட்டியாகவும் கிடைக்கும் கடனுக்கு அந்தத் தாளும் கிடையாது. ஆப் கணக்கிடும், எதைக் கணக்கிடச் சொல்வது என்பது நம் வேலை.

யார் நடத்துவது, எந்த மொழியில், எந்த நேரத்தில் என்பவை நடைமுறைக் கேள்விகள். பட்டப்படிப்பின் நான்காம் பகுதியில், பிற துறை மாணவருக்கென்றே நான்-மேஜர் எலெக்டிவ் இருக்கிறது. புதிதாக இடம் தேட வேண்டியதில்லை. கணிதத் துறை உள்ள கல்லூரியில் ஆசிரியரும் இருக்கிறார். இல்லாதது தமிழில் ஒரு நல்ல பாடநூல்தான். பதினொன்றாம் வகுப்பு வணிகக் கணிதப் புத்தகத்தில் நேரியல் திட்டமிடலுக்கான கலைச்சொற்கள் தமிழில் தயாராக உள்ளன. எடுத்துக்காட்டுகளை டாலரிலிருந்து ரூபாய்க்கு மாற்றினால் மட்டும் போதாது. தறி, பிச்சிப்பூ, ஏலச்சீட்டு, புளியங்குடி எலுமிச்சை மண்டி என்று இந்த மண்ணிலிருந்தே எழுத வேண்டும். பழைய நூலிலிருந்தும் எடுக்கலாம். பலாப்பழத்தின் காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, 6-ஆல் பெருக்கி 5-ஆல் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை வரும் என்கிறது கணக்கதிகாரம். இருபது பழத்தை அறுத்து எண்ணிப்பார்த்து அந்த விதி எவ்வளவு தூரம் நிற்கிறது என்று சோதிப்பது, புள்ளியியலுக்கு நல்ல முதல் வகுப்பு. ஒரு செமஸ்டருக்கு எண்ணுதல், நிகழ்தகவு, வட்டி, நேரியல் திட்டமிடல் என்ற நான்கு போதும். ஐந்தாவதைச் சேர்க்கும் ஆசையைப் பாடத்திட்டக் குழு அடக்கிக்கொள்ள வேண்டும். தேர்வுத் தாளில் பாதி மதிப்பெண்ணைச் சூழ்நிலையைக் கணக்காக எழுதுவதற்கு ஒதுக்கி, கால்குலேட்டரைத் தேர்வறைக்குள் அனுமதித்தால், பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் வழி முதல் ஆண்டிலேயே அடைபட்டுவிடும்.