தண்டவாளம் தாங்காத எஞ்சின்

2004-ம் ஆண்டு பிரிட்டனின் ராயல் மின்ட் ஓர் இரண்டு பவுண்டு நாணயம் வெளியிட்டது. முன்பக்கம் வழக்கம்போல எலிசபெத் ராணி. பின்பக்கம் ஒரு பெரிய பல்சக்கரம், அதற்குள் ஒரு விநோத வண்டி. படுக்கவைத்த கொதிகலன், ஒரு புகைபோக்கி, உருவத்துக்குப் பொருந்தாத பெரிய சக்கரம். ஓட்டுபவர் உட்கார இடம்கூட இல்லை. சுற்றிலும் ஆர். டிரெவிதிக் என்ற பெயரும், 1804, 2004 என்ற இரண்டு ஆண்டுகளும் இருக்கின்றன. வடிவமைத்தவர் ராபர்ட் லோ.

ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் நம் ஊர்ப் பிள்ளைகள் யோசிக்காமல் ஜார்ஜ் ஸ்டீபன்சன் என்பார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிரிட்டனே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது. 1990 முதல் 2003 வரை ஐந்து பவுண்டு நோட்டில் இருந்தது ஸ்டீபன்சன் முகம்தான். அந்த நோட்டு 2003 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு டிரெவிதிக்குக்கு நாணயம் வந்தது. நோட்டு அவருக்கு, சில்லறை இவருக்கு. வாழ்ந்த காலத்திலும் பங்கு ஏறக்குறைய இப்படித்தான் பிரிந்தது.

ரிச்சர்ட் டிரெவிதிக் 1771-ல் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில் பிறந்தவர். செம்பும் வெள்ளீயமும் வெட்டியெடுக்கும் சுரங்கப் பகுதி அது. அப்பா சுரங்க மேலாளர். பையன் ஆறடிக்கு மேல் வளர்ந்தான். மல்யுத்தத்தில் பேர் வாங்கினான். பள்ளிக்கூடத்தில் மட்டும் சொன்ன பேச்சு கேட்காதவன் என்றே பேர்.

சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை நீராவி எஞ்சின்கள்தான் இறைத்துக்கொண்டிருந்தன. நல்ல எஞ்சின் என்றால் ஜேம்ஸ் வாட்டுடையது. ஆனால் கார்ன்வாலில் நிலக்கரி கிடையாது, கப்பலில் வர வேண்டும். வாட் எஞ்சின் மிச்சப்படுத்தும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை அவருடைய கம்பெனிக்குக் கட்ட வேண்டும். இந்தக் காப்புரிமை 1800-ல் முடிந்தபோது கார்ன்வாலே பெருமூச்சு விட்டிருக்கும்.

வாட் எஞ்சினில் நீராவியின் வேலை பாதிதான். தனியாக இருக்கும் ஒரு குளிர்கலனில் நீராவி சட்டென்று தண்ணீராகி வெற்றிடம் உண்டாகும். அந்த வெற்றிடத்தால்தான் பிஸ்டன் நகரும். ஆகவே உருளை பெரிதாக இருக்க வேண்டும். குளிர்கலன், அதற்குத் தண்ணீர், பம்பு எல்லாம் வேண்டும். ஒரு கட்டடமே எஞ்சினாக நிற்கும். அதற்குச் சக்கரம் மாட்டி ஓட்ட முடியாது.

டிரெவிதிக்கின் யோசனை எளிமையானது. நீராவியை நன்றாக அழுத்தி ஏற்று. அதுவே பிஸ்டனைத் தள்ளட்டும். வேலை முடிந்ததும் வானத்தில் விட்டுவிடு. இப்படி விட்டால் எவ்வளவு சக்தி வீணாகும் என்று டேவிஸ் கிடி என்ற அறிஞரிடம் கேட்டார். வளிமண்டல அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் என்று பதில் வந்தது. அதைப்போல் பல மடங்கு அழுத்தத்தில் ஓட்டினால் இந்த நஷ்டம் ஒரு பொருட்டே இல்லை. குளிர்கலன் போயிற்று, பம்பு போயிற்று. எஞ்சின் சிறுத்தது.

1801 கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், கேம்போர்ன் ஊரின் மேட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு அவருடைய நீராவி வண்டி ஏறியது. சில நாளில் வழியில் பழுதாகி நின்றது. அதை ஒரு கூரைக்குக் கீழே தள்ளிவிட்டு எல்லோரும் சாப்பாட்டு விடுதிக்குப் போனார்கள். வறுத்த வாத்தும் மதுவும் முடிவதற்குள் கொதிகலனில் தண்ணீர் வற்றியது. யாரும் நெருப்பை அணைக்கவில்லை. வண்டி எரிந்துபோனது.

அது சிரித்துக் கடந்துவிடக்கூடிய விபத்து. 1803 செப்டம்பரில் கிரீனிச்சில் நடந்தது அப்படியல்ல. தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அவருடைய எஞ்சினைப் பார்த்துக்கொள்ள வேண்டிய பையன் விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். கொதிகலன் வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். வாட்டின் கம்பெனிக்கு வாய்க்கு அவல் கிடைத்தது. இந்த எஞ்சினைக் கொண்டுவந்ததற்காகத் தன்னைத் தூக்கில் போட வேண்டும் என்று வாட் சொன்னதாகப் பின்னாளில் டிரெவிதிக்கே எழுதினார்.

விபத்துக்குப் பிறகு அவர் செய்த மாற்றங்களில் ஒன்று நம் சமையலறை வரை வந்திருக்கிறது. கொதிகலனில் ஒரு துளையிட்டு அதை ஈயத்தால் அடைத்தார். தண்ணீர் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கினால் ஈயம் உருகும். நீராவி பீறிட்டு வெளியேறும். பிரஷர் குக்கர் மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வ் தண்ணீர் வற்றினால் உருகிவிடுகிறதே, அதே தத்துவம்தான்.

நாணயத்தில் இருக்கும் கதை இதற்கு அடுத்த ஆண்டு, தென் வேல்ஸில் நடந்தது. மெர்தர் டிட்வில் நகரின் பெனிடாரன் இரும்பாலை முதலாளி சாமுவேல் ஹோம்ஃப்ரே. ஆலையிலிருந்து அபர்கனன் வரை சுமார் 16 கிலோமீட்டருக்கு இரும்புப் பாதை உண்டு; குதிரைகள் வண்டி இழுக்கும். இந்தப் பாதையில் பத்து டன் இரும்பை எஞ்சினே இழுத்துப் போகும் என்று போட்டி முதலாளி ஒருவரிடம் ஹோம்ஃப்ரே 500 கினி பந்தயம் கட்டினார். கினி என்பது 21 ஷில்லிங் மதிப்புள்ள தங்க நாணயம். இந்த நாணயத்தின் கதையே நாணயம் வைத்து ஆடிய பந்தயத்தில்தான் தொடங்குகிறது.

1804 பிப்ரவரி 21. ஐந்து வண்டிகள், பத்து டன் இரும்பு, மேலே தொற்றிக்கொண்ட 70 ஆட்கள். வழியில் மரங்களை வெட்ட வேண்டியிருந்தது, பாறைகளைப் புரட்ட வேண்டியிருந்தது. போய்ச் சேர 4 மணி 5 நிமிடம் ஆனது என்று டிரெவிதிக் மறுநாளே கிடிக்குக் கடிதம் எழுதினார். சராசரி பார்த்தால் மனிதன் நடக்கும் வேகத்துக்கும் கொஞ்சம் குறைவு. தடையில்லாமல் ஓடிய நேரத்தில் மணிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர். உருளையின் விட்டம் வெறும் எட்டேகால் அங்குலம்! வழவழப்பான இரும்புச் சக்கரம் வழவழப்பான இரும்பின்மேல் வழுக்கும், பாரம் இழுக்காது என்று சந்தேகப்பட்டவர்களுக்கும் அன்று பதில் கிடைத்தது. இன்னொன்றும் செய்திருந்தார்: வேலை முடிந்த நீராவியைப் புகைபோக்கிக்குள் திருப்பிவிட்டார். அது பாயும் வேகத்தில் காற்று இழுபட, அடுப்பு கொழுந்துவிட்டு எரியும். நீராவி ரயில் இருந்த வரைக்கும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

எஞ்சின் ஜெயித்தது; பாதை தோற்றது. குதிரை வண்டிக்காக வார்த்த குட்டையான வார்ப்பிரும்புத் துண்டுகள் அவை. ஐந்து டன் எஞ்சின் ஏறியதும் படபடவென்று உடைந்தன. சில ஓட்டங்களுக்குப் பிறகு எஞ்சினின் சக்கரம் கழற்றப்பட்டு ஆலை வேலைக்கு நிறுத்தப்பட்டது. 1808-ல் லண்டனில் வட்டப்பாதை போட்டு, டிக்கெட் வைத்து வேறொரு எஞ்சினை ஓட்டிக் காட்டினார். அங்கேயும் தண்டவாளம் உடைந்தது. பிறகு 1811-ல் திவால், 1816-ல் பெரு நாட்டு வெள்ளிச் சுரங்கங்களுக்குப் பயணம். 1827-ல் கொலம்பியாவின் கார்த்தகேனா துறைமுகத்தில் கையில் காசில்லாமல் நின்றவருக்கு ஊர் திரும்ப 50 பவுண்டு கொடுத்தவர், ஜார்ஜ் ஸ்டீபன்சனின் மகன் ராபர்ட்! 1833-ல் டார்ட்ஃபோர்டில் இறந்தபோது அடக்கச் செலவுக்குச் சக தொழிலாளிகள் பணம் திரட்டினார்கள்.

ஸ்டீபன்சனைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. பாதையும் எஞ்சினும் சேர்ந்ததுதான் ரயில் என்று புரிந்துகொண்டவர் அவர். அவர் காலத்தில் உடையாத தேனிரும்புத் தண்டவாளமும் வந்துவிட்டது. டிரெவிதிக்குக்கு அந்தப் பொறுமை இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒன்று நடக்கும் என்று நிரூபித்ததுமே அடுத்ததற்குத் தாவிவிடுவார்.

நாணயத்துக்கு வருவோம். 28.4 மில்லிமீட்டர் அகலம், 12 கிராம் எடை. வெளிவளையம் நிக்கல் கலந்த பித்தளை, நடுவட்டம் செம்பும் நிக்கலும். இரண்டையும் பொருத்தி அச்சு அடிக்கும்போது வளையத்தின் உலோகம் நடுவட்டத்தின் விளிம்புப் பள்ளத்துக்குள் நெருங்கிப் புகுந்து பிடித்துக்கொள்ளும். அச்சடித்த ராயல் மின்ட் 1968 முதல் லான்ட்ரிசன்டில் இருக்கிறது. அபர்கனனிலிருந்து ஒரு பேருந்துப் பயண தூரம்தான். அப்போதைய சாதாரண இரண்டு பவுண்டு நாணயத்தின் விளிம்பில் நியூட்டனின் வாசகம் ஓடியது. இதில் எழுத்தே கிடையாது. எது டிரெவிதிக்கின் காலை வாரியதோ அதையே, ரயில் பாதையைத்தான், விளிம்பு முழுக்கப் பொறித்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்த குறும்பா என்று கேட்கத் தோன்றும்.

சுமார் 50 லட்சம் நாணயங்கள் புழக்கத்துக்கு விட்டதால் சேகரிப்பாளர்கள் பெரிய விலை தருவதில்லை. லண்டனிலிருந்து வரும் உறவினரின் சில்லறையில் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். இரண்டு பவுண்டுக்கு மேல் கேட்டால் விட்டுவிடுங்கள்.