கணினிக்கும் ஒரு தனி வார்டு



அம்மை போட்ட குழந்தையை நாம் பொது வார்டில் கிடத்துவதில்லை. தனி அறையில் வைத்தே பராமரிக்கிறோம். கணினியிலும் இந்த ஒழுங்கு உண்டு.

2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் நச்சு நிரல் புகுந்தது. உலையை இயக்கும் கட்டமைப்பு அதனோடு இணைக்கப்படாமல் தனித்திருந்ததால் தப்பியது. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையிலோ ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டன. பல நாட்கள் நோயாளிகளின் பதிவுகளைக் கையால் எழுத வேண்டியதாயிற்று. அங்கே வலைப்பின்னல் சரியாகப் பிரிக்கப்படவில்லை என்று மத்திய அரசே பாராளுமன்றத்தில் தெரிவித்தது.

இதே சுவரை ஒரே கணினிக்குள் எழுப்புவதே சாண்ட்பாக்ஸ். சந்தேகமான நிரலை அதற்குள் திறந்தால், நாம் அனுமதித்த கோப்புகளைத் தவிர மற்றவற்றை அது தொட இயலாது. விண்டோஸ் ப்ரோ பதிப்பில் 2019 முதல் இவ்வசதி உண்டு. மூடியவுடன் உள்ளே நடந்தவை யாவும் அழிந்துபோகும். சர்வரிலும் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் வேலைக்கு வேண்டிய உரிமையை மட்டுமே கொடுத்துப் பிரித்து வைக்கலாம்.

சுவரிலும் விரிசல் விழலாம். தனி வார்டு இருக்கிறதென்று தடுப்பூசியை நிறுத்துவோமா? ஆகவே மென்பொருளை அவ்வப்போது புதுப்பியுங்கள்; பதிவுகளின் நகலொன்றைக் கணினியோடு இணைக்காமல் தனியே வையுங்கள். சபைக் கணக்குகள் உள்ள கணினியில், முன்பின் அறியாத எதையும் நேரே திறக்காதிருங்கள்.