முழங்காலில் அடிபட்டால்

மும்பையில் வாழும் நம்மவருக்குக் காலே கைமுதல் என்றால் அது மிகையாகாது. மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுவதும், ஸ்டேஷன் மேம்பாலப் படிகளை நாள்தோறும் ஏறி இறங்குவதும், தாராவியில் செங்குத்தான இரும்பேணியைப் பற்றி மாடியறைக்குச் செல்வதும் முழங்காலை நம்பியே நடைபெறுகின்றன.

என் மைத்துனன் வேலை தேடி ஊரிலிருந்து வந்து எங்களுடன் தங்கியிருந்தான். சடுகுடு ஆட்டத்தில் பெருவிருப்பம் உடையவன். ஒரு ஞாயிறன்று ஆடுகையில், பாதம் தரையில் ஊன்றி நிற்க உடல் மட்டும் திரும்பியது. 'பட்' என்றோர் ஓசை. இரண்டு மணி நேரத்திற்குள் முழங்கால் பூசணி போல் வீங்கிற்று. அண்டை அயலார் சொற்கேட்டு எண்ணெயிட்டு நீவி, இறுகக் கட்டுப் போடச் செய்தோம். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. குணமாயிற்று என்றே மகிழ்ந்தோம். அதன்பின் அக்கால் அவ்வப்போது நழுவியதை அவன் எங்களிடம் கூறவில்லை. ஐந்து மாதம் கழித்து ரயிலிலிருந்து இறங்குகையில் கால் நழுவி நடைமேடையில் விழுந்தான். வண்டி நின்றிருந்தமையால் உயிர் தப்பியது.

ஆஸ்பத்திரியில் எலும்பு வைத்தியர் முதலில் காலைத் தொடவேயில்லை. எவ்வாறு விழுந்தான், ஓசை கேட்டதா, எத்தனை நேரத்தில் வீங்கிற்று என்று வினவினார். ஓரிரு மணியில் வீங்கினால் மூட்டினுள் இரத்தம் கசிந்ததென ஐயுற வேண்டுமாம். பின்னர் நடக்கச் செய்து பார்த்தார். நல்ல காலையே முதலில் சோதித்தார். அதுவே அளவுகோல் என்றார். புறங்கையால் சூட்டை அறிந்தார். சில்லை அழுத்தி நீர் கோத்துள்ளதா என்று கண்டார். மூட்டின் இடுக்கு நெடுகிலும் விரல் வைத்து வலியுள்ள இடத்தைத் தேடினார்.

அடுத்து, முழங்காலை 20 அல்லது 30 பாகை அளவே மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, மறு கையால் கணைக்காலை முன்னே இழுத்தார். நல்ல கால் சட்டென நின்றது. அடிபட்ட காலோ தடையின்றி முன்னே வந்தது. மூட்டினுள் குறுக்காக அமைந்த இரு ஜவ்வுகளில் முன்ஜவ்வு அறுந்தமைக்கு இது வலுவான அறிகுறி. அமெரிக்க வைத்தியர் ஜான் லாக்மனின் பெயரால் வழங்கும் இச்சோதனையை 1976-இல் ஜோசப் டார்க் முதலியோர் எழுதி வெளியிட்டனர். பிறைவடிவக் குருத்தெலும்பின் கிழிசலைக் காண, காலை மடக்கித் திருகி நீட்டும் மற்றொரு சோதனை லிவர்பூல் நகரத்து மக்மரியின் பெயருடையது. அதையும் செய்தார். எம்.ஆர்.ஐ. படம் இரண்டு சேதங்களையும் உறுதிப்படுத்திற்று. ஜவ்வு அறுந்த காலோடு மாதக்கணக்கில் நடமாடியதால் குருத்தெலும்பும் கிழிந்திருக்கலாம் என்று வைத்தியர் கூறியபோது, எங்கள் அறியாமையை எண்ணி நாணினேன்.

எல்லா அடிக்கும் எக்ஸ்ரே வேண்டுவதில்லை. கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1995-இல் வகுத்த விதி ஐந்து. 55 அல்லது அதற்கு மேற்பட்ட வயது. சில்லில் மட்டும் அழுத்தினால் வலி. முழங்காலுக்குக் கீழே வெளிப்புற எலும்பின் தலைப்பில் வலி. 90 பாகை மடக்க இயலாமை. அடிபட்டவுடனும் வைத்தியர் முன்னும் நான்கடி நடக்க இயலாமை. இவற்றுள் ஒன்றிருப்பினும் எக்ஸ்ரே எடுத்தல் வேண்டும். ஆயினும் எக்ஸ்ரே எலும்பையே காட்டும். முறிவில்லை என்பதால் ஜவ்வு நலமென்று பொருளன்று.

பாதம் சில்லிட்டாலோ மரத்தாலோ, மூட்டு கோணினாலோ, காய்ச்சலுடன் முழங்கால் சுட்டாலோ ஒரு கணமும் தாமதியாதீர். தாராவியினர்க்குச் சயானில் மாநகராட்சியின் லோகமான்ய திலகர் மருத்துவமனை அருகிலேயே உள்ளது.

அறுவை என்றதும் என் மாமியார் கண்ணீர் விட்டார். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன் 2021-இல் முழங்காலில் அறுவை செய்துகொண்டு, 2022-இல் மீண்டும் ஐ.பி.எல். பந்தயங்களில் பந்து வீசியதை எடுத்துக்கூறித் தேற்றினேன். மைத்துனன் இன்று வேலைக்குச் செல்கிறான். படியிறங்குகையில் கைப்பிடியை விடுவதில்லை.

வாசக அன்பர்களே! வீக்கம் வடிந்தால் நோய் தீர்ந்ததென்று எண்ணற்க. நீவுமுன் காட்டுங்கள், கட்டுமுன் கேளுங்கள்.