கல்யாணம் என்னும் மருந்து

"பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும்" என்று ஒரு பழமொழி நம்மவர் வீடுகளில் வழங்கி வருகிறது. முன்னுக்கும் போகாமல் பின்னுக்கும் வராமல் நிற்கும் சிக்கல் எதற்கும் இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயர்களாகிய நாங்களும் சொல்வதுண்டு. ஆனால் இதன் பிற்பாதியை வேடிக்கையாகக் கொள்ளாமல், வைத்திய முறையாகவே நம்பி நடத்துகிற குடும்பங்கள் உண்டென்பதைப் பல வருஷங்களுக்கு முன் நான் நேரிலே கண்டேன்.

நாகர்கோவிலுக்கு அருகே ஒரு கிராமம். என்னிடம் படித்த பையன் ஒருவன் தன் தமையனுடைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். அந்தத் தமையனை எனக்குத் தெரியும். கெட்டிக்காரனாகப் படித்துக்கொண்டிருந்தவன், இருபது வயதுக்கு மேல் தனக்குத்தானே பேசவும், இரவெல்லாம் தூங்காமல் நடக்கவும் ஆரம்பித்திருந்தான்.

"அண்ணனுக்கு உடம்பு சொஸ்தமாகி விட்டதா?" என்று கேட்டேன்.

"இல்லை, ஸார். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று அம்மை சொல்லுகிறாள்."

"பெண் வீட்டாருக்குத் தெரியுமா?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். "அவர்கள் தூரத்து ஊர், ஸார்" என்றான்.

கல்யாணத்துக்குப் போனேன். அக்ஷதை போட்டேன். அவியலும் எரிசேரியும் பாயசமுமாக நாஞ்சில் நாட்டு விருந்தை இலை வழித்து உண்டேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னேனில்லை. எட்டாம் மாதம் அந்தப் பெண் பிறந்தகத்துக்குத் திரும்பிவிட்டாள்.

இந்த மருந்து நம் நாட்டுக்கே உரிய கண்டுபிடிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். சக்கரவர்த்திகள் ஆண்ட காலத்துச் சீன தேசத்தில் இதற்கென்று ஒரு தனிப் பெயரே இருந்தது. 'சோங்ஷி' என்பார்கள். 'சோங்' என்றால் மோதுதல். 'ஷி' என்றால் மங்களம். வீட்டிலே ஒருவன் சாகக் கிடந்தால், கல்யாணம் ஒன்றை நடத்தி அந்த மங்களத்தைக் கொண்டு பீடையை மோதித் துரத்துவது என்று பொருள்.

இதை வைத்து ஃபெங் மெங்லோங் என்னும் ஆசிரியர் ஓர் அருமையான கதை எழுதியிருக்கிறார். அவர் தொகுத்த மூன்று கதைத் தொகுதிகளில் கடைசியானதும், 1627இல் வெளிவந்ததுமான நூலில் அது இருக்கிறது. ஹாங்சௌ நகரில் லியூ என்று ஒருவர், தொழில் வைத்தியம். இதைக் கவனிக்க வேண்டும். ஊராருக்கெல்லாம் நாடி பார்க்கிற மனிதர். அவருடைய மகனுக்குச் சுன் என்னும் விதவையின் மகளை நிச்சயித்திருந்தார்கள். கல்யாணம் நெருங்கும் சமயத்தில் மகன் கடும் நோயில் விழுந்தான். "முகூர்த்தத்தைத் தள்ளிப் போடுவோம்" என்கிறார் வைத்தியர். "தள்ளக்கூடாது, மங்களம் வந்தால் பிழைப்பான், பிழைக்காவிட்டால் கொடுத்த பொருளைத் திருப்பி வாங்கிக்கொண்டு பெண்ணை அனுப்பிவிடலாம்" என்கிறாள் மனைவி. வைத்தியர் அடங்கிப் போகிறார். நோயை மறைத்துப் பெண்ணை அனுப்பச் சொல்லி ஆள் விடுகிறார்கள்.

ஆனால் அண்டை வீட்டார் என்று ஒரு ஜாதி எந்தத் தேசத்திலும் உண்டல்லவா? சமாசாரம் விதவையின் காதுக்கு எட்டிவிட்டது. அவளும் இளைத்தவளல்லள். மகளை அனுப்பாமல், அழகனாகிய தன் மகனுக்குப் பெண் வேஷம் போட்டு, மூன்று நாளில் திரும்பி வந்துவிடும்படி சொல்லிப் பல்லக்கில் ஏற்றிவிட்டாள். இங்கோ மாப்பிள்ளையால் எழுந்து நிற்கவும் முடியவில்லை. ஆகவே அவனுடைய தங்கை மாப்பிள்ளைக்குப் பதிலாக நின்று சடங்குகளைச் செய்தாள். மணப்பெண்ணாக வந்தவன் ஆண். மணமகனாக நின்றவள் பெண்! புதுப்பெண் தனியாக இருப்பாளே என்று, அன்றிரவு மாமியாரே மகளைத் துணைக்குப் படுக்க அனுப்பினாள். பிறகு என்ன நடந்திருக்கும் என்பதை நான் விரிக்க வேண்டியதில்லை.

குட்டு வெளிப்பட்டபோது வழக்கு நியாயஸ்தலம் ஏறியது. வைத்தியரின் மகளுக்கு வேறிடத்தில் நிச்சயமாகியிருந்தது. வேஷமிட்ட பையனுக்கும் வேறு ஒரு பெண் நிச்சயமாகியிருந்தாள். சியாவ் என்னும் அதிகாரி எல்லாவற்றையும் கேட்டார். காதலர் இருவரையும் சேர்த்து வைத்தார். நிச்சயம் முறிந்த அந்த இருவரையும் ஒருவருக்கொருவர் மணம் பேசி முடித்தார். நோயிலிருந்து எழுந்துவிட்ட பையனுக்கு முதலில் பேசிய பெண்ணையே கொடுத்தார். மூன்று கல்யாணம், ஒரே தீர்ப்பு. இப்படிப்பட்ட நியாயாதிபதி கதையிலேதான் கிடைப்பார்.

இதே வழக்கம் எப்படிக் குடலைப் பிடுங்கும் என்பதை அறிய, சீனர்களின் மகாகாவியம் என்று சொல்லத்தகும் 'சிவப்பு மாளிகைக் கனவு' என்னும் நாவலைப் பார்க்க வேண்டும். ட்ஸாவ் ஷுவேசின் எழுதியது. 1791இல் முதலில் அச்சேறியது. கடைசி நாற்பது அத்தியாயங்கள் அவர் கையால் ஆனவை தானா என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு உண்டு. நம் விஷயம் அந்தப் பகுதியிலேதான் வருகிறது. செல்வக் குடும்பத்துப் பிள்ளை பாவ்யூ சித்தம் கலங்கிவிடுகிறான். அவன் மனம் நாடியது தாய்யூ என்னும் நோயாளிப் பெண்ணை. பாட்டியோ கல்யாணம் ஆனால் தெளியும் என்கிறாள். ஆனால் பெண் பாவ்ச்சாய் என்னும் வேறொருத்தி. வீட்டு நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்த ஷிஃபெங் என்னும் சாமர்த்தியசாலி ஒரு சூழ்ச்சி சொன்னாள். "தாய்யூவையே மணக்கிறாய்" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டு, முகத்திரையிட்டு மற்றவளை மணவறையில் நிறுத்தினார்கள். நம்பிக்கை வரும்பொருட்டு, தாய்யூவின் பணிப்பெண்ணையே மணப்பெண்ணின் பக்கத்தில் துணையாக நடக்கச் செய்தார்கள். திரையை நீக்கியபோது நோய் தெளியவில்லை, இரட்டித்தது. அதே நேரத்தில் தாய்யூ தன் கவிதைகளையெல்லாம் தீயிலிட்டுவிட்டு உயிர் துறந்தாள். பாவ்யூ பின்னர் துறவியாகிப் போய்விட, பாவ்ச்சாய் கர்ப்பவதியாக வீட்டிலே தங்கினாள். இந்தப் பாவ்ச்சாயைப் பற்றி யாரும் அதிகமாகக் கண்ணீர் விடுவதில்லை. எனக்கு என்னவோ அவளைப் பற்றித்தான் வருத்தம்.

நிற்க. நம் பெரியோர்களும் தோஷ பரிகாரத்துக்காகப் போலிக் கல்யாணம் நடத்தியதுண்டு. மூன்றாம் தாரம் ஆகாது என்று அஞ்சியவன் முதலில் எருக்கஞ்செடிக்குத் தாலி கட்டினான். ஜாதக தோஷமுள்ளவர்களுக்கு வாழை மரத்தோடு மணம் செய்வித்து, அந்த வாழையை வெட்டிச் சாய்த்தார்கள். இது மூட நம்பிக்கை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் வந்த கேட்டை ஒரு வாழையின் தலையில் கட்டினார்களே தவிர, ஒரு பெண்ணின் தலையில் கட்டவில்லை. நோயாளிக்கு மருந்தாகப் பெண்ணைக் கொண்டுவருகிறபோது, வாழையின் ஸ்தானத்தில் அவள் நிற்கிறாள்.

வைத்தியத்துக்குப் பஞ்சமான சீமையா நம்முடையது? வர்ம ஆசான்மார்கள் தலைமுறை தலைமுறையாக இருந்த நாடு. நெய்யூர் மிஷன் வைத்தியசாலை 1838இல் தொடங்கியது. எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற வீரர்களில் ஒருவராகிய டாக்டர் ஸாமர்வெல் அங்கே வந்து பல ஆண்டுகள் உழைத்தார். ஆசாரிப்பள்ளத்தில் இன்று அரசாங்க வைத்தியக் கல்லூரியே நடக்கிறது. ஆகவே டாக்டர் இல்லாமையால் கல்யாணத்தை நாடினார்கள் என்று சொல்ல வழியில்லை. ஹாங்சௌ வைத்தியர் வீட்டுக் கதைதான் இங்கும்.

காரணம் வேறு. குடும்பத்தில் எவரும் வெளிவிட்டுப் பேசாத கேள்வி ஒன்று இருக்கிறது: தாயாருடைய காலத்துக்குப் பிறகு இவனுக்கு யார் சோறு போடுவது? அண்ணன் தம்பிமார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பங்கு எவ்வளவு, பொறுப்பு யாருக்கு என்ற கணக்கு உள்ளே ஓடுகிறது. நாஞ்சில் நாட்டாருக்குப் படுக்கையைச் சுற்றி நடக்கும் கணக்கு புதிதன்று. மருமக்கள் வழி இருந்த காலத்தில் காரணவர் படுத்துவிட்டால், கட்டிலுக்கு ஒருபுறம் மனைவி மக்களும் மறுபுறம் மருமக்களும் நிற்பார்கள். அந்த அலங்கோலத்தைத் தேரூர்க் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மிய'த்தில் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியின் வாயாலேயே சொல்ல வைத்தார். 1926ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அந்த முறைக்கு முடிவு பிறந்தது. கணக்கு மட்டும் வேறு வடிவத்தில் தொடர்கிறது. நோயாளிக்கு ஒரு மனைவி வந்துவிட்டால், சம்பளமில்லாத ஆயுட்கால நர்ஸ் ஒருத்தி நியமனமாகிவிடுகிறாள். வைத்தியம் என்பது மேலே போர்த்திய பட்டு.

பெண்ணே நோயாளியாக இருந்தாலும் இதே மறைவுதான். பலன் மட்டும் வேறு. அவளுக்கு நர்ஸ் கிடைப்பதில்லை; திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிலையத்தார், இவ்வாறு கணவரால் கைவிடப்பட்ட பெண்களைப் பற்றி ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். வயோதிகப் பெற்றோரே அவர்களில் பலருக்குக் கதி.

மனநோய் வந்தவர் மணம் செய்துகொள்ளவே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்தால், அது தவறு. மருந்து உட்கொண்டு, உத்தியோகம் பார்த்து, குழந்தை குட்டிகளோடு வாழ்கிறவர்கள் நம்மிடையே அநேகர். மறைப்பதுதான் குற்றம். சட்டமும் ஏறக்குறைய அந்த வழியிலேயே வந்து சேர்ந்திருக்கிறது. சீனா 1950இல் கட்டாயக் கல்யாணத்தைத் தடுத்துச் சட்டம் செய்தது. நாம் 1955இல் ஹிந்து விவாகச் சட்டம் இயற்றினோம். சம்மதம் கொடுக்கும் சக்தியற்றவரோ, மணவாழ்வுக்குத் தகாத அளவு மனநோயுள்ளவரோ செய்யும் விவாகத்தை ரத்துச் செய்யக் கோரலாம் என்கிறது அது. 1976ஆம் ஆண்டுத் திருத்தம், எதிர்த்தரப்பினரைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்துச் சம்மதம் பெறுவதும் மோசடியே என்று தெளிவாக்கியது. அதே திருத்தம் காக்கை வலிப்பையும் விவாகத்துக்குத் தடையாகச் சேர்த்திருந்தது. அது மருந்தினால் அடங்கும் நோய் என்பதை உணர்ந்து 1999இல் அதை நீக்கிவிட்டார்கள். வெறுமனே நோயின் பெயரைச் சொன்னால் போதாது, எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று 1988இல் சுப்ரீம் கோர்ட்டார் ஒரு விவாகரத்து வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள்.

ஒரு கெடு உண்டு. மோசடி தெரிந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தெரிந்த பிறகு மனமொப்பிக் கூடி வாழ்ந்திருக்கவும் கூடாது. "கொஞ்சம் பொறுத்துப் பார், சரியாகிவிடும்" என்று இரு வீட்டுப் பெரியவர்களும் சொல்லிச் சொல்லியே அந்த ஓராண்டு கழிந்துவிடுகிறது. முதலிலே நான் சொன்ன பெண்ணுக்கும் அதுதான் நேர்ந்தது.

சென்ற வருஷம் மற்றொரு வீட்டிலிருந்து அதே மாதிரி ஒரு பத்திரிகை எனக்கு வந்தது. பையனின் நோய் ஊரறிந்தது. இம்முறை சும்மா இருக்க மனம் வரவில்லை. பத்திரிகையில் கண்ட விலாசத்தைப் பிடித்துப் பஸ் ஏறிப் போய், பெண்ணின் தகப்பனாரைக் கண்டேன். திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"எல்லாம் தெரியும், ஸார்" என்றார் அவர். "அவர்கள் நகை கேட்கவில்லை. எனக்கு இவளுக்குக் கீழே இன்னும் இரண்டு பேர்."

"பெண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

அவர் உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் சொன்னார்.