அதிகம் அறியப்படாத ஜப்பானியச் சித்திரக்கதைகள்

ஜப்பானியர் 'மங்கா' எனப்படும் சித்திரக்கதைகளைச் சிறுவர்க்கு மட்டுமே உரியவை என்று ஒதுக்குவதில்லை. அரபு நூல்களைப் போன்றே இவற்றையும் வலமிருந்து இடமாகப் படித்துச் செல்லல் வேண்டும். உலகப் புகழ் பெற்ற தொடர்களை விடுத்து, என் நெஞ்சில் நிலைத்த மூன்றினை மட்டும் ஈண்டுக் குறிப்பிடுகின்றேன்.

ஜிரோ தானிகுச்சியின் 'நடக்கும் மனிதர்' நூலில் ஒருவர் தம் ஊர்த் தெருக்களில் உலவுகிறார், கதை அவ்வளவே. ஹிதோஷி அஷினானோ 1994 முதல் 2006 வரை வரைந்த 'யோகோஹாமா கைதாஷி கிகோ' அறிவியற் புனைவு. கடல் நிலத்தை விழுங்கிவரும் காலத்தில், மனித உருக்கொண்ட இயந்திரப் பெண்ணொருத்தி காப்பிக்கடை நடத்துகிறாள். அழிவைப் பேசும் கதையில் இத்துணை அமைதியா!

1968-இல் ஹிரோஷிமாவில் பிறந்த ஃபுமியோ கோனோவின் 'மாலை அமைதியின் நகரம், செர்ரி மலர்களின் நாடு' 2004-இல் நூலாயிற்று. அணுகுண்டு வீழ்ந்து பத்தாண்டுகள் கழிந்த நிலையில், பலர் மாண்டிருக்கத் தான் மட்டும் பிழைத்தது முறையோ என்று மினாமி மருகுகிறாள். தன்னை நாடிவந்த அன்பை ஏற்கவும் அஞ்சுகிறாள். இறுதியில் கதிர்வீச்சு நோய் அவளையும் வீழ்த்துகிறது. அவள் பார்வை மங்குமிடத்தில் கட்டங்கள் வெறுமையாகின்றன. அவள் எண்ணங்கள் மட்டும் எழுத்தாய்த் தொடர்கின்றன. ஓவியமே இல்லாத அப்பக்கங்களைப் புரட்ட எனக்கு நெடுநேரம் பிடித்தது.