விடிலி அடுப்புக்குக் கல் மேடை

“கருப்பட்டி காய்ச்சும் அடுப்பு வருஷம் தவறாமல் ஒரு பக்கம் சாய்கிறது. கீழே சிமெண்ட் தளம் போடலாமா?” என்று உவரிப் பகுதி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

சிமெண்ட் வேண்டாம். தொடர்ந்து சூடுபட்டால் அது வலுவிழந்து வெடித்து உதிரும். சாய்வதற்குக் காரணம் அடுப்பல்ல, அடியிலுள்ள மணல். உவரி, குட்டம் பக்கத்துத் தேரி மணலில் பிடிமானம் குறைவு. 40 லிட்டர் பதநீர் 40 கிலோவுக்கு மேல் எடை. அது கொதிக்கும்போது அண்டா சரிந்தால் பக்கத்தில் கிண்டிக்கொண்டிருப்பவர் கதி என்ன? பெரும்பாலும் அது வீட்டுப் பெண்கள்தான்.

அடுப்பைவிடச் சுற்றிலும் ஓரடி, வாய்ப் பக்கம் ஒன்றரை அடி கூடுதலாக இடம் குறியுங்கள். கங்கு விழுவது அந்தப் பக்கம்தான். முக்கால் அடி ஆழம் தோண்டித் தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடியுங்கள். ஓரத்தில் கற்களை நட்டு நிறுத்தினால் மணல் பிதுங்காது. உள்ளே அரையடி உயரம் உடைகல் பரப்பி, இடுக்கில் மணல் தூவித் தண்ணீர் ஊற்றி மறுபடி இடியுங்கள். அதன்மேல் 4 அங்குலக் கருங்கல் பலகைகளைக் களிமண்ணில் பதித்து, ரசமட்டம் பாருங்கள். கடைசியாகப் படுக்கைவசத்தில் செங்கல் ஒரு வரிசை, அதற்கும் களிமண் சாந்துதான். மேடை தரையைவிட 4 அங்குலம் உயர்ந்து நிற்கும். மழைத் தண்ணீர் ஏறாது.

செங்கலை விட்டுவிடாதீர்கள். கருங்கல்லில் நேரே நெருப்புப் பட்டால் விரிசல் விடும். கடற்கரையில் கிடக்கும் சுண்ணாம்புக் கல்லோ இன்னும் மோசம்: கடும் சூட்டில் நீறாகி, தண்ணீர் பட்டதும் பொங்கி உதிரும். ஈரம் ஊறிய கல்லை எரியும் அடுப்பருகே வைக்கவே கூடாது. உள்ளே நீராவி கட்டித் தெறிக்கும். கல்லைச் சில வாரம் வெயிலில் காயவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மேடை கட்டிய கையோடு அண்டாவை ஏற்ற வேண்டாம். ஒரு வாரம் நிழலில் காய்ந்தபின், இரண்டு மூன்று நாள் சுள்ளி மட்டும் எரியுங்கள். களிமண்ணில் வெடிப்பு தெரிந்தால் உமி கலந்த மண்ணால் பூசலாம்.

மேடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஓலைக்கூரை தாழ்ந்திருந்தால் பயனில்லை. அடுப்புக்கு நேர் மேலே ஓலைக்குப் பதில் தகரம் போடுங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குடம் தண்ணீரும் ஒரு கூடை மணலும் இருக்கட்டும்.

சாம்பலை முழுக்க அள்ள வேண்டாம். அடியில் இரண்டு விரல் கனம் கிடந்தால் செங்கலுக்குப் பாதுகாப்பு. மீதியை நன்றாக ஆறியபின் தென்னைக்குப் போடலாம், சாம்பல் சத்து கிடைக்கும். களர் நிலமென்றால் மட்டும் போடாதீர்கள்.