கூகுள் ஸ்காலரும் தமிழியல் ஆய்வாளரின் பெயரும்

முன்னுரை

முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்ற 1966ஆம் ஆண்டிலேயே, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கிய தனிநாயகம் அடிகளார், தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டி நூலொன்றை அப்பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் வழி வெளியிட்டார். ஒரு துறையில் முன்னரே வெளிவந்தவற்றை அறியாமல் புதிய ஆய்வைத் தொடங்கலாகாது என்பது ஆய்வுலகின் முதல் நெறியாகும். அன்று நூலடைவு ஆற்றிய பணியை இன்று பெரும்பாலும் இணையத் தேடுபொறிகளே ஆற்றுகின்றன. அவற்றுள் 2004ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தொடங்கப்பெற்ற கூகுள் ஸ்காலர் கட்டணமின்றிக் கிடைப்பதால் நம் மாணவர்கள் முதலில் நாடுவது அதனையே.

எனினும், நூலடைவைத் தொகுத்தவர் தமிழறிந்த மனிதர், தேடுபொறியோ இயந்திரம். நம் பெயர்மரபையும் எழுத்தையும் அது நாம் கருதுமாறு புரிந்துகொள்வதில்லை. இதனால் நல்ல கட்டுரைகள் பல, இருந்தும் இல்லாதனவாகின்றன. இந்நிலை ஏற்படும் காரணங்களையும் நாம் செய்யக்கூடியவற்றையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேடும் முறை

தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டு முதல் பக்கத்தோடு நின்றுவிடுதல் போதாது. ஒவ்வொரு கட்டுரையின் கீழும் அதனை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியலுக்கு ஓர் இணைப்பு உள்ளது. ஒரு கட்டுரையின் துணைநூற்பட்டியல் நம்மைப் பின்னோக்கி அழைத்துச் செல்லும். இவ்விணைப்போ முன்னோக்கி அழைத்துச் செல்லும். பத்தாண்டுகளுக்கு முன் வந்த ஒரு கருத்தைப் பின்வந்தோர் ஏற்றனரா, மறுத்தனரா என்பதை இதன்வழி அறியலாம்.

தமிழியலில் கருத்திற்கொள்ள வேண்டியவை மேலும் இரண்டு உள. முதலாவது, உரோமன் எழுத்துப்பெயர்ப்பு. ‘தொல்காப்பியம்’ என்பதை எழுதுவோருள் சிலர் முதலில் ‘டி’ என்னும் எழுத்தை மட்டும் இடுவர். சிலர் அதனுடன் ‘எச்’ சேர்ப்பர். ழகரத்தைச் சிலர் ‘எல்’ என்றும் சிலர் ‘இசட்-எச்’ என்றும் குறிப்பர். ஒரு வடிவத்தை மட்டும் இட்டுத் தேடுவோர் பிற வடிவங்களில் உள்ள ஆய்வுகளை இழக்க நேரும். இரண்டாவது, வேற்றுமை ஏற்ற வடிவங்கள். மேற்கோள்குறிக்குள் ‘புறநானூறு’ என்று தேடினால் ‘புறநானூற்றில்’ என்று தலைப்பிடப்பெற்ற கட்டுரை தப்பிவிடலாம். ஆகவே, ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியே தேடுதல் வேண்டும்.

கட்டுரைகள் மறைவதேன்?

தேடுபொறி எழுத்தை வாசிக்கிறதேயன்றிப் படத்தை வாசிப்பதில்லை. வருடி எடுத்த பக்கங்களை அப்படியே இணையத்தில் ஏற்றினால், மனிதர் படிக்கலாம். தேடுபொறிக்கு அது பெரும்பாலும் வெறும் படமே. ஒருங்குறி பரவுவதற்கு முன் வழங்கிய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பெற்ற கட்டுரைகளின் நிலையும் இத்தகையதே. திரையில் தமிழாகத் தோன்றுவது, கணினியின் உள்ளே தொடர்பற்ற உரோமன் எழுத்துகளாகவே பதிவாகியிருக்கும்.

இதழ் முழுவதையும் ஒரே கோப்பாக வெளியிடும் வழக்கமும் தடையாகிறது. ஒவ்வொரு கட்டுரையும் தனிக் கோப்பாகவும் தனி முகவரியுடனும் இருத்தல் வேண்டும். கோப்பு ஐந்து மெகாபைட்டுக்கு மிகாதிருத்தல் வேண்டும். முதல் பக்கத்தில் தலைப்பு பெரிய எழுத்தில் அமைய, அதனை அடுத்தே ஆசிரியர் பெயர் வருதல் நலம். துணைநூற்பட்டியல் இறுதியில் தனித்தலைப்பின்கீழ் அமைதல் வேண்டும். இவை பதிப்பாசிரியர்களின் கடமைகளாகும்.

பெயர்ச் சிக்கல்

நம் நாட்டு ஆய்வாளர்களைப் பெரிதும் பாதிப்பது பெயர்ச் சிக்கலே. எடுத்துக்காட்டாக, முனியாண்டி என்பவரின் மகள் கவிதா ஓர் ஆய்வாளர் எனக் கொள்வோம். ஆங்கிலக் கட்டுரையில் அவர் தம் பெயரை ‘கவிதா முனியாண்டி’ என்று எழுதுகிறார். இறுதிச்சொல்லைக் குடும்பப்பெயராகக் கொள்ளும் தேடுபொறி, அவரை ‘கே முனியாண்டி’ என்று காட்டும். அவருடைய தம்பி குமாரும் கட்டுரை எழுதினால் அவரும் ‘கே முனியாண்டி’யே. அடையாள அட்டையில் உள்ளவாறு ‘ஏ/பி’ என்பதைச் சேர்த்து எழுதினால், அவ்விரு எழுத்துகளும் பெயரின் தலைப்பெழுத்துகளாகிவிடக்கூடும். தமிழ் மரபுப்படி ‘மு. கவிதா’ என்று எழுதிய கட்டுரையோ மூன்றாவது ஒருவருடையதாகத் தோன்றும். ஒருவர் உழைப்பு மூவர் பெயரில் சிதறுகிறது; மேற்கோள்களும் அவ்வாறே சிதறுகின்றன. தனிநாயகம் அடிகளாரின் பெயரே ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகவும் இரு சொற்களாகவும் எழுதப்படுவதை நாம் அறிவோம்.

ஆகவே, முதல் கட்டுரையை வெளியிடுமுன் ஒரு வடிவத்தைத் தேர்ந்து, இறுதிவரை அதனையே கையாளுதல் வேண்டும்.

ஆய்வாளர் பக்கம்

சிதறியவற்றை ஒன்றுசேர்க்கும் வாய்ப்பும் உண்டு. கூகுள் ஸ்காலர் 2011ஆம் ஆண்டு முதல் ஆய்வாளர்கள் தமக்கெனத் தனிப்பக்கம் அமைக்க வழிசெய்துள்ளது. பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியை உறுதிசெய்து, பக்கத்தைப் பொதுப்பார்வைக்குத் திறந்துவிட்டால் பிறர் தேடும்போது அது தோன்றும். தம் பெயரின் பல வடிவங்களையும் தேடி, உரிய கட்டுரைகளைச் சேர்க்கலாம். ஒரே கட்டுரை இருமுறை பதிவாகியிருந்தால் இணைக்கலாம். ஆயினும், புதிய கட்டுரைகளைத் தானாகவே சேர்க்கும் வசதியை நம்பியிருத்தலாகாது. பெயரொத்த பிறருடைய கட்டுரைகளும் நம் பக்கத்தில் வந்துசேரும். அவற்றை நீக்காதிருத்தல், அறியாமல் நேர்ந்ததாயினும், பிறர் உழைப்பைத் தமதெனக் காட்டுவதாகவே முடியும். இத்துடன், 2012ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற ஆர்சிட் அமைப்பின் 16 இலக்க அடையாள எண்ணையும் பெற்றுக்கொள்ளுதல் நலம். பெயர் மாறினும் எண் மாறாது.

எண்களின் எல்லை

இப்பக்கங்களில் ‘எச்’ குறியீட்டெண் என்றொன்று காணப்படும். இயற்பியல் அறிஞர் ஹிர்ஷ் 2005ஆம் ஆண்டு முன்மொழிந்த அளவை இது. ஒருவருடைய கட்டுரைகளுள் ஐந்து, ஒவ்வொன்றும் குறைந்தது ஐந்து முறை மேற்கோள் காட்டப்பெற்று, ஆறாக உயர இயலாத நிலையில் அவருடைய குறியீட்டெண் ஐந்து. தமிழியல் ஆய்வோ பெரிதும் நூல்களிலும், இணையமேறாத இதழ்களிலும், மாநாட்டு மலர்களிலும் வாழ்கிறது. அங்குள்ள மேற்கோள்கள் இக்கணக்கில் வருவதில்லை. மேலும், 2010ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர் சிரில் லபே, இல்லாத ஓர் அறிஞரைப் படைத்து, போலிக் கட்டுரைகளால் அவருடைய குறியீட்டெண்ணை உயர்த்திக் காட்டினார். எனவே, குறைந்த எண் குறைந்த தகுதியைக் குறிப்பதன்று. மிகுந்த எண் தகுதிக்குச் சான்றுமன்று.

முடிவுரை

தேடுபொறியில் இல்லாதது உலகில் இல்லை என்று கருதும் மாணவர், முன்னரே செய்யப்பெற்ற ஆய்வை மீண்டும் செய்வார். முன்னோடியின் பெயரோ மறக்கப்படும். இதனைத் தவிர்க்க, மாணவர்கள் நூலகத்தையும் நாடுதல் வேண்டும். ஆய்வாளர்கள் ஒரே பெயர்வடிவைப் பேணுதல் வேண்டும். இதழ்கள் ஒருங்குறியில் தனித்தனிக் கோப்புகளாக வெளிவருதல் வேண்டும். இயந்திரம் நம் மரபைக் கற்கும்வரை காத்திருப்பதைவிட, அதற்குப் புரியும் வகையில் நம் உழைப்பைப் பதிவுசெய்வதே அறிவுடைமையாகும்.